காவல் இரவுகளின் பதற்றம்: தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் அன்றாடச் சமாளிப்பு முறைகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த தேன்கனிக்கோட்டை வட்டாரத்துக் காட்டோரச் சிற்றூர்களில், ராகிக் கதிர் முற்றத் தொடங்கும் ஐப்பசி முதல் தானியம் வீடு சேரும் தை வரை, நிம்மதியான இரவுத் தூக்கம் அரிதாகிவிடுகிறது. பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாக இறங்கும் யானைக் கூட்டங்கள் எந்த இரவில் எந்தக் கொல்லைக்குள் புகும் என்பது முன்கூட்டித் தெரியாத நிலையில், உழவர்கள் மாதக்கணக்கில் பரண்மேல் விழித்திருக்கிறார்கள். இதனால் நேரும் பயிர்ச் சேதமும் உயிர்ச் சேதமும் அரசின் பதிவேடுகளில் ஏறுகின்றன. மனத்துக்கு நேரும் சேதம் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. இப்பதற்றத்தை மக்கள் அன்றாடம் எவ்வாறு சமாளிக்கிறார்கள், அம்முறைகளுள் எவை உண்மையில் பலன் தருகின்றன, எவை துன்பத்தை மேலும் வளர்க்கின்றன என்பதை உளவியல் ஆய்வுகளின் துணைகொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பதற்றத்தின் வேர் நிச்சயமின்மையில் இருப்பதால், நிச்சயமின்மையைக் குறைக்கும் முறைகளும் பிறரோடு சேர்ந்து செய்யும் முறைகளுமே நிலைத்த பலன் தருகின்றன என்பதும், அவற்றுக்கான பொறுப்பைத் தனிமனிதரின் மனவலிமைமேல் மட்டும் சுமத்த இயலாது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

அச்சமும் பதற்றமும்

கண்முன் நிற்கும் ஆபத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை அச்சம். இன்னும் வராத, வருமா வராதா என்று உறுதியாகத் தெரியாத ஆபத்தை எதிர்பார்த்து உடலும் மனமும் கொள்ளும் தவிப்பு பதற்றம். யானை எதிரே நிற்கும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி விழிப்படைந்து, அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்தில் கலக்க, இதயம் வேகமாகத் துடித்துக் கால்கள் ஓடத் தயாராகின்றன. யானை காட்டுக்குத் திரும்பியதும் சிறிது நேரத்தில் உடல் இயல்புநிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் யானை வரக்கூடும் என்ற எண்ணம் மட்டும் இருக்கையில் இந்த எதிர்வினைக்கு ஒரு முடிவு கிடைப்பதில்லை. நெஞ்சு படபடத்தல், வயிற்றைக் கலக்குதல், எரிச்சல், தூக்கம் பிடிக்காமை ஆகியன நாள்கணக்கில் தொடர்கின்றன.

ஆபத்தின் அளவைவிட அதைப் பற்றிய நிச்சயமின்மையே உடலை அதிகம் வருத்துகிறது என்பதற்குச் சோதனைச் சான்றுகள் உள்ளன. அமெரிக்க ஆய்வாளர் ஜே வைஸ் 1970களின் தொடக்கத்தில் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், மின்னதிர்ச்சிக்கு முன் எச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளுக்கும் எச்சரிக்கை இன்றி அதே அளவு அதிர்ச்சி பெற்ற எலிகளுக்கும் பெரும் வேறுபாடு காணப்பட்டது: எச்சரிக்கை பெற்றவற்றுக்கு வயிற்றுப்புண் குறைவாகவும், பெறாதவற்றுக்கு மிகுதியாகவும் உண்டாயிற்று. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஆர்ச்சி டி பெர்க்கர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதை மனிதரிடம் சோதித்தது. கணினித் திரையில் காணும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று பங்கேற்பாளர்கள் ஊகிக்க வேண்டும்; பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி தரப்படும். அதிர்ச்சி நிச்சயம் என்று அறிந்தபோது ஏற்பட்டதைவிட, வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதே வியர்வை, கண்மணி விரிவு முதலான உடற்குறிகள் மன அழுத்தத்தின் உச்சத்தைக் காட்டின. காட்டோர உழவரின் நிலை ஏறக்குறைய இந்தச் சரிபாதி வாய்ப்பின் நிலைதான்: யானை இன்றிரவு வரலாம், வராமலும் போகலாம்.

நிச்சயமின்மையின் சூழல்

ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் பகுதிக் காடுகளின் பெரும்பகுதி 2014இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துள் அடங்குகிறது. 2022இல் அதையொட்டிக் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. மேற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்காவோடும் தெற்கே காவிரிக் கரைக் காடுகளோடும் தொடர்புடைய இந்நிலப்பரப்பில், காடு கைவிரல்கள்போல் நீண்டு கொல்லைகளுக்கும் ஊர்களுக்கும் இடையே புகுந்து கிடப்பதால், யானையின் வழியும் மனிதரின் வழியும் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. மழையை நம்பி விதைக்கும் ராகியும் அதனூடே ஊடுபயிராக வளரும் அவரையும் துவரையும் முற்றும் காலம் யானைகளின் ஆண்டு இடப்பெயர்ச்சிக் காலத்தோடு ஒத்துவருகிறது. பால்பிடித்த ராகிக் கதிரில், காட்டுப் புல்லைவிடக் கூடுதல் ஊட்டம் யானைக்குக் குறைந்த உழைப்பில் கிடைக்கிறது.

யானைகளின் நடத்தையும் மாறிவருகிறது. நிஷாந்த் சீனிவாசையாவும் உடனாய்வாளர்களும் தென்னிந்தியாவின் இந்நிலப்பரப்பை உள்ளடக்கி மேற்கொண்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவ ஆண் யானைகள் விளைநிலங்கள் மிகுந்த ஆபத்தான பகுதிகளில் நீடித்த ஆண் கூட்டங்களாகச் சேர்ந்து நடமாடுவது பதிவாகியுள்ளது. முன்பு பெரும்பாலும் தனித்துத் திரிந்த ஆண் யானைகள் இன்று கூட்டாக வருவதால், முந்தைய தலைமுறை உழவரின் அனுபவ அறிவு முழுமையாகக் கைகொடுப்பதில்லை. யானையின் தடம், பிளிறல், வாசனை ஆகியவற்றைக் கொண்டு அதன் அடுத்த அசைவைக் கணித்த பெரியவர்களின் நம்பிக்கை இவ்வாறு தளரும்போது பதற்றம் கூடுகிறது.

பரண்மேல் நிகழும் சமாளிப்பு

ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் வெளியிட்ட நூலில், நெருக்கடியைச் சமாளிக்கும் முறைகளை இரண்டாகப் பகுத்தனர். நெருக்கடியின் காரணத்தையே மாற்ற முயல்வது சிக்கல்சார் சமாளிப்பு. காரணத்தை மாற்ற இயலாதபோது அது எழுப்பும் உணர்வைத் தணிக்க முயல்வது உணர்வுசார் சமாளிப்பு. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. மாற்றக்கூடியது எது, மாற்றமுடியாதது எது என்று பகுத்தறிந்து அதற்கேற்ற முறையைக் கைக்கொள்வதே சமாளிப்பின் திறன்.

காட்டோரக் காவலில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. கொல்லையின் ஓரத்தில் மரக்கிளைமேலோ நான்கு கம்பங்களை நட்டோ கட்டப்படும் பரணில் இருவர் மூவராக ஏறி, டார்ச் லைட், தகர டப்பா, பட்டாசு ஆகியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, முறைவைத்து உறங்குவதும் விழிப்பதும் சிக்கல்சார் சமாளிப்பு. யானை வந்த திசையை அடுத்த கொல்லைக்காரருக்குக் கூவியோ கைப்பேசியிலோ சொல்வதும், கதிரை அறுத்த கையோடு போராகக் குவித்து வைக்காமல் விரைந்து அடித்து வீட்டுக்குக் கொண்டுசெல்வதும் அவ்வகையே. ராகிக் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதிக்கவிட்டுத் தானியம் பிரிக்கும் இவ்வட்டார வழக்கத்தைப் போக்குவரத்துக்கு இடையூறு என்று குறைகூறுவதுண்டு. எனினும் அறுவடைக்கும் களஞ்சியத்துக்கும் இடைப்பட்ட ஆபத்தான நாள்களைச் சுருக்குவதால், அது பதற்றத்தின் காலத்தையும் சுருக்குகிறது.

பரணில் நடக்கும் பேச்சும், கொதிக்கும் டீயும், தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வரும் கேலியும் உணர்வுசார் சமாளிப்பில் அடங்கும். உடனிருக்கும் மனிதர் பதற்றத்தைத் தணிப்பதை ஜேம்ஸ் கோன் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மின்னதிர்ச்சியை எதிர்பார்த்துக் காத்திருந்த மணமான பெண்களின் மூளையைப் படம்பிடித்தபோது, கணவரின் கையைப் பற்றியிருந்தவர்களிடம் ஆபத்தை உணரும் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. அறிமுகமற்றவரின் கையைப் பற்றியபோதும் ஓரளவு குறைவு காணப்பட்டது. கூட்டுக் காவல் பயிரைக் காப்பதோடு காவலரின் மனத்தையும் காக்கிறது என்ற முடிவுக்கு இது இடமளிக்கிறது. இளைஞர்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட, முதியவர் தனியாகப் பரண் ஏறும் வீடுகளில் இப்பாதுகாப்பு இரு வகையிலும் குறைகிறது.

திசைமாறும் சமாளிப்பு

பதற்றத்தை உடனடியாக மட்டுப்படுத்துவதெல்லாம் நீண்டகால நன்மை தருவதில்லை. குளிரும் பயமும் தெரியாமல் இருக்க இரவுக் காவலுக்கு முன் மது அருந்துவது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மது மூளையின் விழிப்பைத் தற்காலிகமாக மந்தப்படுத்தினாலும், அதன் வேகம் இறங்கும் விடியற்காலையில் படபடப்பு முன்னிலும் கூடுதலாகத் திரும்புகிறது, தூக்கத்தின் ஆழம் குறைகிறது. யானையின் அசைவை உணரும் கூர்மையும் மழுங்குவதால் உயிராபத்தும் பெருகுகிறது. விழித்திருக்க அடுத்தடுத்துக் குடிக்கும் டீயும் வாயில் அடக்கும் புகையிலையும் இதயத் துடிப்பைக் கூட்டி, பதற்றத்தின் குறிகளையே தோற்றுவிக்கின்றன.

அதிக மின்னழுத்தக் கம்பியைச் சட்டத்துக்குப் புறம்பாக வேலியில் இணைப்பது இதைவிடக் கொடிய வழி. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச் மாதத்தில் இத்தகைய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டு, இரண்டு குட்டிகள் தாயற்று நின்றன. இரவெல்லாம் விழிக்க வேண்டாம் என்ற நிம்மதிக்காகச் செய்யப்படும் இச்செயல், யானையோடு வீட்டாரின் உயிரையும் பணயம் வைத்து, சிறைத் தண்டனை என்னும் புதிய கவலையையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

சுஷ்ருத் ஜாதவ், மான் பருவா ஆகியோர் வடகிழக்கிந்தியாவில் மேற்கொண்டு 2012இல் வெளியிட்ட ஆய்வு, மனித–யானை மோதலின் மறைவான விளைவுகளை வெளிக்கொணர்ந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. உறவினரை இழந்த துயரம், மதுப்பழக்கம், வறுமை, கண்டறியப்படாத மனநோய் ஆகியவை ஒன்றையொன்று வளர்ப்பதையும், இழப்பீட்டோடு அரசின் கடமை முடிந்ததாகக் கருதப்படுவதால் மனநலப் பாதிப்பு கவனிப்பாரற்றுப் போவதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். மோனிகா ஓக்ரா உத்தராகண்டில் செய்த 2008ஆம் ஆண்டு ஆய்வு, வனவிலங்கு மோதலின் சுமை பெண்கள்மேல் கூடுதலாக விழுவதைக் காட்டியது. தேன்கனிக்கோட்டை வட்டாரத்திலும் பரண்மேல் இருப்பவர் பெரும்பாலும் ஆணே என்றாலும், விடியுமுன் பால் சொசைட்டிக்குப் பாலைக் கொண்டுசெல்பவரும், காட்டுப்பாதையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவரும், காவலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கதவோரம் விழித்திருப்பவரும் பெண்களே.

தொழிற்சாலை வாயிலிலும் அதே சிக்கல்

தேன்கனிக்கோட்டையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் 1970களில் தொடங்கிய சிப்காட் தொழில்வளர்ச்சி, இன்று கெலமங்கலம், உத்தனப்பள்ளிப் பக்கங்களுக்கும் பரவி, இளம்பெண்களையும் வெளிமாநிலத்தவரையும் பெருமளவில் ஈர்த்துள்ளது. கம்பெனி பஸ்ஸில் இரவு ஷிப்டுக்குச் செல்லும் மகளும் பரணுக்குச் செல்லும் தந்தையும் ஒரே வீட்டில் வாழும் நிலை இங்கு புதிதன்று. காண்ட்ராக்ட் அடிப்படையில் வேலை செய்பவரின் பதற்றமும் உழவரின் பதற்றத்தைப் போலவே நிச்சயமின்மையில் வேர்கொண்டது: அடுத்த மாதம் வேலை நீடிக்குமா, அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது அவர் கையில் இல்லை. வேலையின் சுமை மிகுந்தும் அதன்மேல் தொழிலாளருக்குள்ள கட்டுப்பாடு குறைந்தும் இருக்கும்போது மன அழுத்தம் உச்சம் பெறுகிறது என்று ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்து இங்கும் பொருந்துகிறது. ஷிப்ட் பட்டியலை முன்கூட்டியே அறிவிப்பது, ஷிப்ட் மாற்றங்களுக்கு இடையே போதிய ஓய்வு விடுவது போன்ற சிறு ஏற்பாடுகள் தியான வகுப்புகளைவிடப் பெரும் பயன் தரக்கூடும்.

கோயிலும் தர்காவும்

திருமால் வேட்டைக்காரராக வழிபடப்படும் பேட்டராய சுவாமி கோயில் தேன்கனிக்கோட்டையின் அடையாளம். ஊரிலுள்ள யாரப் தர்காவுக்கும் மதவேறுபாடின்றி மக்கள் வருகின்றனர். யானையைச் சாமி என்று வணங்கும் வழக்கமும், பயந்தவருக்கு வேப்பிலை அடித்து மந்திரிப்பதும், தாயத்துக் கட்டுவதும் உணர்வுசார் சமாளிப்பின் பண்பாட்டு வடிவங்கள். தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட ஆபத்துக்குப் பொருள் கற்பிப்பதும், பாதிக்கப்பட்டவரைச் சுற்றி உறவினர் கூடுவதும் இச்சடங்குகளின் பயன்.

இப்பயனை அறிவியல் முற்றிலும் மறுக்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஆர். ரகுராமும் உடனாய்வாளர்களும் தமிழகச் சிற்றூர் ஒன்றின் முத்துசுவாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், தங்கியிருந்த காலத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். அச்சமூட்டாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதினர். ஆய்வுக்கு உட்பட்டோர் தீவிர மனநோயினர் என்பதால் அதைப் பதற்றத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. மறுபுறம், தர்காவை நாடி மனநோயாளிகள் அழைத்துவரப்படும் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கொடுமை, மருத்துவத்தை விலக்கிய நம்பிக்கை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதை உணர்த்தியது. வழிபாடு மருத்துவரிடம் செல்வதைத் தடுக்காதவரை துணை. தடுக்கும்போது அதுவே தடை.

செய்தியே மருந்தாகும் இடம்

ஆனைமலைப் பகுதியிலுள்ள வால்பாறையில், யானை அருகில் இருப்பதை அறியாமல் இருட்டில் எதிர்ப்பட்டவர்களே பெரும்பாலும் உயிரிழந்தனர் என்பதைக் கண்டறிந்த எம். ஆனந்தகுமார், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் வாயிலாக, யானைகளின் இருப்பிடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் செய்தியாகவும், கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்கு அறிவிக்கும் முறையை உருவாக்கினார். இப்பணிக்காக அவருக்கு 2015இல் விட்லி விருது வழங்கப்பட்டது. உயிரிழப்பைக் குறைக்க வகுக்கப்பட்ட இம்முறைக்கு உளவியல் பயனும் உண்டு. சிவப்பு விளக்கு எரியும் இரவு அச்சத்துக்குரியது, எரியாத இரவு உறங்குவதற்குரியது என்று இரவுகளைப் பிரித்துக்கொள்ள முடிந்தால், எல்லா இரவிலும் விழித்திருக்கும் தேவை நீங்குகிறது. எச்சரிக்கை ஒலி கேட்ட எலிகளுக்கு வயிற்றுப்புண் குறைந்ததன் காரணமும் இதுவே: ஒலி இல்லாத நேரம் அவற்றுக்குப் பாதுகாப்பான நேரமாயிற்று.

ஓசூர் வனக்கோட்டத்திலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஊர்களுக்கு எச்சரிக்கை விடுப்பதும், காட்டோரத்தில் இரும்புக் கம்பிவட வேலி அமைப்பதும் நடைபெறுகின்றன. எச்சரிக்கை ஒழுங்காகவும் தவறின்றியும் வரும்போதுதான் அதற்கு மேற்சொன்ன பயன் உண்டு. வராத யானைக்கு எச்சரிக்கையும் வந்த யானைக்கு மௌனமும் நேருமானால் மக்கள் மீண்டும் எல்லா இரவுகளையும் விழித்தே கழிப்பர். இழப்பீடும் அத்தகையதே. தொகை எவ்வளவு என்பதோடு எப்போது கைக்கு வரும் என்பதும் உழவரின் மனத்தை அலைக்கழிக்கிறது.

தனிமனிதர் செய்யக்கூடியவை

சூழலை மாற்றக் காலம் பிடிக்கும். அதுவரை ஒருவர் தமக்குத்தாமே செய்துகொள்ளக்கூடிய எளிய முறைகளும் உள்ளன. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிடுவது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983இல் சோதித்த முறையில், கவலை எழும்போதெல்லாம் அதை ஒத்திவைத்து, நாள்தோறும் குறித்த இடத்தில் குறித்த அரை மணி நேரத்தில் மட்டும் எல்லாக் கவலைகளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இவ்வாறு செய்தவர்களின் அன்றாடக் கவலை குறைந்தது. இரவுக் காவலர் பகலில் ஒரே நேரத்தில், இருட்டாக்கிய அறையில் உறங்குவதும், பின்னிரவில் டீயைத் தவிர்ப்பதும், யானை கண்ட வழியையே முற்றிலும் ஒதுக்காமல் ஆள்துணையோடு பகலில் மீண்டும் நடந்து பழகுவதும் பயன் தருவன. ஆபத்து நீங்கிய பின்னும் தவிர்த்துக்கொண்டே இருந்தால், அந்த இடம் இப்போது பாதுகாப்பானது என்பதை மூளை கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

எனினும் பருவம் முடிந்த பின்னும் பதற்றம் நீங்காமல், மாதக்கணக்கில் பெரும்பாலான நாள்களில் தொடர்ந்து, வேலையையும் உறவையும் குலைக்குமானால் அதைப் பதற்ற நோய் என்றே கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் 30 கோடியே 10 லட்சம் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்தனர். சிகிச்சை பெறுவோர் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே. மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் அது கிடைப்பது மும்மொழி வழங்கும் இவ்வட்டாரத்துக்குப் பொருத்தமானது.

மனநல மருத்துவர் இல்லாத ஊர்களில் என்ன செய்வது என்ற கேள்விக்குக் கோவாவில் நடந்த மானஸ் என்னும் ஆய்வு விடை தந்துள்ளது. விக்ரம் படேல் குழுவினர் 2010இல் வெளியிட்ட அம்முடிவுகளின்படி, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளித்த உதவியால், மனச்சோர்வும் பதற்றமும் கொண்டோர் குணமடையும் வாய்ப்பு கூடியது. வீடுதேடிச் செல்லும் தன்னார்வலர்களைக் கொண்ட, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவர், தூக்கம் எப்படி இருக்கிறது, காவலுக்குத் தனியாகப் போகிறாரா, குடி கூடியிருக்கிறதா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கப் பயிற்சி பெற்றால், பதிவாகாத துன்பம் பதிவாகத் தொடங்கும்.

தேன்கனிக்கோட்டை வட்டாரத்து மக்கள் பதற்றத்தைச் சமாளிக்கத் தெரியாதவர்கள் அல்லர். கூட்டுக் காவல், செய்திப் பரிமாற்றம், விரைந்த அறுவடை ஆகிய அவர்களது முறைகளை உளவியல் ஆய்வுகள் உறுதிசெய்கின்றன. அவர்களுக்கு இல்லாதது நம்பத்தகுந்த எச்சரிக்கையும், காலத்தே வரும் இழப்பீடும், அருகில் கிடைக்கும் ஆலோசனையும். ஆகவே யானை வரும் செய்தியை நேரத்தோடு ஊருக்குச் சேர்ப்பதை வனத்துறையின் பணியாக மட்டும் கருதாமல் மனநலப் பணியாகவும் கருதி, ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் மாவட்ட மனநலத் திட்டக் குழுவினர் வனக் காவலர்களோடு இணைந்து காட்டோர ஊர்களுக்குச் செல்லும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும்.